பூங்கோதை என்று பெயர் வெட்டிய பாத்திரங்கள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மருதமலை போகிற ரோட்டில், வடவள்ளியைத் தாண்டி ஒரு அடுக்ககம் இருக்கிறது. அதில் மூன்று மாடி, மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் இருபத்து நாலு வீடு, இருபத்து நாலு வீட்டுச் சமையல்கட்டிலும் ஒவ்வொரு மைக்ரோவேவ் ஓவன், அந்த இருபத்து நாலையும் அவர்கள் தலையில் கட்டினவள் நான்தான். ஆகவே இந்தக் கதையில் யார் மேல் தப்பு என்று கேட்கிறவர்கள் முதலில் என் பக்கம் விரலை நீட்டிக்கொள்ளட்டும், நீட்டி முடித்த பிறகு மிச்சத்தைக் கேட்கட்டும்.

காந்திபுரத்தில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் பதினாறு வருஷமாக ஓவன் டெமோ காட்டுவது என் வேலை. எவர்சில்வர் வைக்காதீர்கள், பொறி பறக்கும் என்று சொன்னேன். முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும் என்று சொன்னேன். டப்பாவை இறுக்கி மூடி வைக்காதீர்கள், உள்ளே ஒன்றுமில்லாமல் ஓட விடாதீர்கள், தங்கக் கரை போட்ட பீங்கான் கப்பை வைக்காதீர்கள், தண்ணீரை ரொம்ப நேரம் சுட வைத்து எடுத்த கையோடு ஸ்பூனை விடாதீர்கள், குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும், எதைச் சூடு பண்ணினாலும் கிளறிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்து வாயில் வையுங்கள் என்று சொன்னேன், சொன்னேன், பதினாறு வருஷம் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பெட்டியை வண்டியில் ஏற்றும்போது, எவர்சில்வரைக் கொஞ்ச நேரம் மட்டும் வைத்தால் ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்டார்கள்.

எங்கள் அடுக்ககத்துக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே. சங்கச் செயலாளர் குப்புராஜ், கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், செய்தித்தாளில் சுற்றிய போண்டாவை அப்படியே உள்ளே வைத்து, போண்டாவும் செய்தியும் ஒன்றாகக் கருகிய பிறகு, பெட்டி சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எதிர்வீட்டு ஜெயசெல்வி, பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள், முட்டையை ஓட்டோடு வைத்துவிட்டு இரண்டு நாள் பெட்டியின் உள்கூரையைச் சுரண்டினாள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் குழந்தையின் ஈரச் சாக்ஸைக் காயப்போட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு, செய்யக் கூடாததையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்து, வீடு வீடாகப் போய் ஓவனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஒரே மாசத்தில் இருபத்து மூன்று வீட்டிலும் அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டார்கள், அந்த இடம்தான் தோதாக இருந்ததாம். ஓவனில் வைப்பதற்கென்றே வீட்டுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழுவித் துடைத்து ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்துவிட்டார்கள், எடுத்துப் புழங்கினால் உடைந்துவிடுமாம். உடையட்டுமே, அதற்குத்தானே கொடுத்தேன் என்றால், என்னை ஏதோ கைக்குழந்தையைக் கீழே போடச் சொன்னவளைப் போலப் பார்த்தார்கள்.

இனி பாத்திரத்துக்கு வருகிறேன். என் கல்யாணத்துக்கு அம்மா எழுபத்தோரு எவர்சில்வர் பாத்திரம் சீராகக் கொடுத்தாள், அண்டாவில் தொடங்கி ஊறுகாய்க் கரண்டி வரைக்கும், அத்தனையிலும் பாத்திரக்கடையில் கூடவே உட்கார்ந்து என் பெயரை வெட்டி வாங்கினாள். இனிஷியல் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, அது இன்னும் ரெண்டு நாளில் அப்பனிடமிருந்து புருஷனுக்குப் போய்விடும், வெறும் பெயரே போதும் என்றாளாம். ஆகவே பூங்கோதை, பூங்கோதை, பூங்கோதை என்று எழுபத்தோரு தடவை. எனக்கோ எதைச் செய்தாலும் நாலு வீட்டுக்குக் கொடுக்காமல் தின்னத் தெரியாது. பணியாரம் ஒரு வீட்டுக்கு, அரிசிம்பருப்பு சாதம் ஒரு வீட்டுக்கு, கொள்ளு ரசம் சளி பிடித்த வீட்டுக்கு என்று பாத்திரம் பாத்திரமாகப் போகும். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; போடுவதற்கு அன்றைக்கு ஒன்றும் அமையாவிட்டால் பாத்திரம் அங்கேயே காத்திருக்கும், காத்திருந்து காத்திருந்து அந்த வீட்டுப் பாத்திரமாகவே ஆகிவிடும், அதைக் கேட்டு வாங்குவது அற்பத்தனம் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். இப்படியாக என் எழுபத்தோரு பாத்திரத்தில் அறுபதுக்கு மேல் மூன்று மாடிகளிலும் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன.

கார்த்திகை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஜெயசெல்வி முந்தின நாள் குழம்பை என் பெயர் வெட்டிய கிண்ணத்தோடு ஓவனில் வைத்து இரண்டு நிமிஷம் ஓட்டினாள். பொறி பறக்கவில்லை. சத்தமில்லை. குழம்பு பதமாகச் சூடாகி வந்தது. அதே நேரத்தில், கல்யாண சீசனென்று காலை எட்டுக்கே திறந்துவிட்ட கடையில், ஒரு புதுமணத் தம்பதிக்கு எவர்சில்வர் ஏன் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒரு சூடு ஏறியது, காது மடல் சிவந்தது, இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டை வெதுவெதுவென்று ஆனது, பிறகு எங்கோ என் மண்டைக்குள்ளேயே டிங் என்று ஒரு மணி அடித்தது, சூடு நின்றது. தம்பதி பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜெயசெல்வி அந்தச் செய்தியை அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் சொல்லி முடித்தாள். பூங்கோதை அக்கா பாத்திரத்தை ஓவனில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. வேறு பாத்திரத்தை வைத்துப் பார்த்தார்கள், பட்பட்டென்று நீலமாகப் பொறி பறந்தது. என் பாத்திரத்தை வைத்துப் பார்த்தார்கள், சமர்த்தாகச் சுற்றியது. ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து எவர்சில்வர் அந்தக் காலத்து எவர்சில்வர்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு என் பாடு சொல்லி முடியாது. காலை ஏழிலிருந்து எட்டரை வரைக்கும், டிபனும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் தயாராகிற நேரம், நான் விட்டு விட்டு எரிந்தேன். பஸ்ஸில் எரிந்தேன், கடையில் எரிந்தேன், ஈரத் தலையோடு போனால் அரை நிமிஷத்தில் காய்ந்தது. டாக்டரம்மாவிடம் போனேன், நாற்பத்தெட்டு வயதாகிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன், அப்படியானால் இது அந்த வயதில் வருகிற சூடுதான் என்று எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் ரத்தினசபாபதி, மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், அவரும் வயசு என்றார். அடுக்ககத்துப் பெண்களும் வயசு என்றார்கள். ஒருத்தி வெந்தயத்தை ஊறப்போட்டு என் கிண்ணத்திலேயே கொண்டுவந்து கொடுத்தாள், ஒருத்தி எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள், ஜெயசெல்வி கற்றாழைச் சாறு கொண்டுவந்தாள். என்னவோ இந்த உலகத்தில் ஒரு பெண்ணுக்குச் சூடானால் அதற்கு அவளுடைய வயதைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது என்பது போல.

மூன்றாவது வாரத்தில் எனக்கே உறைத்தது. பதினாறு வருஷம் அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு அதன் பாஷை தெரியாமல் போகுமா? முப்பது விநாடி ஏறி நின்றால் அது காப்பி. ஒன்றரை நிமிஷம் என்றால் பால். நாலு நிமிஷம் ஏறி, நடுவில் நின்று, மறுபடி ஏறினால் யாரோ சாதத்தைக் கிளறி வைக்கிறார்கள், நான் சொல்லித் தந்ததில் அந்த ஒன்றையாவது கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுட்டு, கொஞ்சம் ஆறி, கொஞ்சம் சுட்டு, கொஞ்சம் ஆறி என்று பத்து நிமிஷம் என்னை வதைத்தால் அது உறைந்த கறியை இளக்குகிற முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் சூடு என் முழங்காலுக்கு ஏறும்போதே ஓடிப் போய் எதிர்வீட்டுச் சமையல்கட்டுக்குள் நுழைந்து ஓவன் கதவைத் திறந்தேன். சூடு அந்த நொடியே நின்றது. மூடி, பொத்தானை அமுக்கினேன், ஏறியது. திறந்தேன், நின்றது. ஜெயசெல்வி கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவியல் டீச்சர் அல்லவா, சோதனையை ஒப்புக்கொண்டாள்.

“அப்ப அது வயசு இல்லீங்களாக்கா” என்றாள். பிறகு, “ஒரு நிமிசந்தாங்க்கா பாக்கி, பால் பாதியில நிக்குது” என்று கதவை மூடி மறுபடி ஓட விட்டாள்.

கூட்டம் போட்டோம். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குப்புராஜ் தலைமையில், இருபத்து நாலு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், என் பாத்திரங்களை எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சர்க்கரை போட வேண்டியதில்லை என்று சொன்னேன். யாரும் என்னை நம்பாமல் இல்லை. நம்பாமல் இருந்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் நம்பினார்கள், உச்சுக் கொட்டினார்கள், சூடு எந்த அளவுக்கு இருக்கிறது, தாங்க முடிகிற சூடா, தாங்க முடியாத சூடா, சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார்கள். பிறகு குப்புராஜ் தீர்மானம் எழுதினார். முதல் மாடி ஏழிலிருந்து ஏழரை, இரண்டாம் மாடி ஏழரையிலிருந்து எட்டு, மூன்றாம் மாடி எட்டிலிருந்து எட்டரை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கூடாது. பூங்கோதை அம்மாவின் உடல்நலத்தை உத்தேசித்து, கூடுமான வரை மிதமான சூட்டில் வைக்கவும். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நன்றி சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், அந்தச் சூட்டில் பொன்னாடை ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது.

அதோடு என் உடம்பு அடுக்ககத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒவ்வொருத்தியாக, போடறேங்க்கா ஒரு நிமிஷம், போடறேங்க்கா ரெண்டு நிமிஷம் என்று செய்தி போட்டார்கள், போட்டுவிட்டால் போதும், கேட்டுக்கொண்டு செய்ததாகக் கணக்கு. மார்கழி பிறந்து குளிர் ஏறியதும், இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது என்று தூக்குவாளிகளைக் கொண்டுவந்து நான் உட்காருகிற சோபாவைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். மழைத் தூறலில் நனைந்த யூனிபாரங்களை என் நாற்காலி முதுகில் போட்டார்கள். மாடிப்படியில் திரிகிற பூனை தன் நாலு குட்டிகளையும் கவ்விக்கொண்டுவந்து என் காலடியில் விட்டது. கீழ்வீட்டில் ஒரு பெண் வெள்ளிக்கிழமை தோறும் என் நெற்றியில் குங்குமம் வைத்து, அவள் வீட்டில் இப்போதெல்லாம் எல்லோரும் சூடாகச் சாப்பிடுகிறார்கள், அந்தப் புண்ணியம் எனக்குத்தான் என்றாள். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம், என் குழிக்கரண்டியைக் கொடு என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அற்பத்தனம் என்று பார்த்தால் வெந்து சாக வேண்டியதுதான் என்று, தை பிறப்பதற்கு முன்னால் ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீடு வீடாக ஏறினேன், இறங்கினேன், அலமாரியைத் திறந்தேன், கழுவப் போட்ட குவியலைக் கிளறினேன். என் பெயர் இருந்த ஒவ்வொன்றையும் பையில் போட்டேன். அவர்கள் தடுக்கவில்லை, வெறும் பாத்திரமாகத் தர மனசு வராமல் பின்னாலேயே ஓடி வந்து ஒன்றில் கடலை, ஒன்றில் வெல்லம், ஒன்றில் ஒரு வாழைப்பழம் என்று போட்டார்கள். மூன்று நாளில் எழுபத்தோரு பாத்திரமும், ஊறுகாய்க் கரண்டி உட்பட, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அன்று ராத்திரி போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, இதுவரை இல்லாத சூடு ஏறியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெயரே வேண்டாம், அழித்துவிடலாம் என்று நாலு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவர் வாசலில் சின்ன மேஜை போட்டு, கையில் அந்த மிஷினோடு உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பூங்கோதைங்களா? இந்த வாரம் மட்டும் இந்தப் பேரை நூறு பாத்திரத்துல வெட்டியிருப்பனுங்க. வடவள்ளிக்காரங்க வர்றாங்க, கல்வீராம்பாளையத்துக்காரங்க வர்றாங்க. நான் ஏதோ புதுசா வந்த கம்பெனி பேராட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பாத்திரத்தை எதற்காக அவ்வளவு தாராளமாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதும் விளங்கியது. தங்கள் தங்கள் பாத்திரத்தில் என் பெயரை வெட்டிக்கொண்டால் போதும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள், கண்டுபிடித்ததை நல்ல மனசோடு பக்கத்துத் தெருக்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். வெட்டின பெயரை அழிக்க முடியுமா என்று கேட்டேன். மேலே கோடு இழுக்கலாம், கோட்டுக்குக் கீழே பெயர் இருக்கத்தான் செய்யும் என்றார். எங்கள் அடுக்ககத்தின் பெயரைச் சொல்லி, அங்கே இருக்கிற அக்காவைத் தெரியுமா, அவர் பெயருக்கு அவ்வளவு ராசியாம் என்று என்னிடமே விசாரித்தார். நான் அங்கேயே அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எரிந்தேன், இரண்டு நிமிஷம், யார் வீட்டுப் பாலோ.

பொங்கலன்று சங்கத்தில் பொதுச் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கீழே வர வேண்டும் என்று குப்புராஜ் அறிவித்திருந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஆறிப்போனதைக் கொண்டுபோனால் மரியாதையாக இருக்காது என்று, இருபத்து மூன்று வீட்டிலும் ஒரே சமயத்தில் பொத்தானை அமுக்கினார்கள். நான் கீழே இலை போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த இலைக்கட்டு வதங்கியது. தலையில் வைத்திருந்த கனகாம்பரம் கருகிய வாசனை எனக்கே வந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. தரையில் விழுந்த என்னைத் தூக்க வந்தவர்கள் கை பட முடியாமல் ஈரச் சாக்கில் சுருட்டித் தூக்கினார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் கிடந்தேன். முதுகெல்லாம் கொப்புளம். இன்னொரு தடவை இப்படி ஏறினால் மூளை தாங்காது, உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று குப்புராஜ் சாத்துக்குடி ஜூஸோடு வந்து, மனிதாபிமான அடிப்படையில் ஒரு நேரத்தில் ஆறு வீட்டுக்கு மேல் போடுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது என்றார். பக்கத்துத் தெருக்காரர்களை என்ன செய்வது என்று கேட்டேன். அவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லையே என்றார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, எல்லாம் நம்ம ஜனந்தானே, வேணுமென்றா செய்கிறார்கள், நாமும் கொஞ்சம் அனுசரித்துப் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். சொல்வதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் எனக்கு அரை நிமிஷச் சூடு ஒன்று ஏறி இறங்கியிருந்தது. அவர் கையில் காப்பி டம்ளர், ஆவி பறந்துகொண்டிருந்தது, டம்ளர் விளிம்புக்குக் கீழே என் பெயர்.

“ஏனுங்க, நம்ம ஊட்லயுமா?” என்று கேட்டேன்.

“அரை நிமிசந்தான். கேஸ் பத்த வெச்சு, பாத்திரம் தேடி, அதெல்லாம் ஆரு பண்றது” என்றார்.

நான் அழவில்லை. அழுகிற கட்டத்தையெல்லாம் மார்கழியிலேயே தாண்டிவிட்டேன். கொப்புளத்தின் மேல் பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, புளியம்பட்டிக்கு அம்மாவிடம் போனேன். வழி நெடுக மூன்று தடவை எரிந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஜன்னலைத் திறந்துவிட்டு, இந்த வயசில் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது; தனியாக இருந்துகொண்டு இரண்டு எருமையை மேய்க்கிறாள், யாருக்கும் புத்தி சொல்லுகிற வழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் ஆச்சரியப்படவில்லை. எந்தெந்தப் பாத்திரம் என்று கேட்டாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள், கொப்புளத்தை எண்ணுவதைப் போல விரல் படாமல் ஒவ்வொன்றின் மேலும் கையைக் கொண்டுபோனாள். களவு போகாமல் இருக்கத்தான் பெயர் வெட்டினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பெயரைத் திருப்பி எடுத்துக்கொள், எனக்கு வேண்டாம் என்றேன். என் அப்பா கூடாது என்று சொல்லியும் கேட்காமல் அவள் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்த பெயர் அது. அவள் வாழ்நாளில் தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். வேறு வழி இருந்திருந்தால் கேட்டிருப்பேனா?

பிறகு அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். என்னை மடியில் படுக்கச் சொன்னாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, பாதி உடம்பு மடியில், பாதி உடம்பு தரையில் என்று படுத்தேன். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது செய்வதைப் போலவே காதருகே குனிந்து, ஒரு பெயரை மூன்று தடவை சொன்னாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. அது என்ன பெயர் என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை.

“ஆருகிட்டயும் சொல்லாத, அம்மணி. நானும் சொல்ல மாட்டேன். இனி அந்தப் பழைய பேரை நானும் வாயால எடுக்க மாட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள், அங்கே நின்று அழுதாள் என்று நினைக்கிறேன்.

அதே சாயங்காலம், அடுக்ககத்தில் பத்தொன்பது ஓவனும் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ ஓவனும் ஒன்றன் பின் ஒன்றாகப் பட்பட்டென்று வெடித்துப் பொறி கக்கின. மறுநாள் நான் திரும்பியபோது மாடிப்படியெல்லாம் கருகிய வாடை. பாத்திரத்தில் பெயர் இருந்தும் பொறி பறக்கிறதென்றால் அக்கா தன் பெயரை மாற்றிக்கொண்டாள் என்றுதான் அர்த்தம் என்று ஜெயசெல்வி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாளாம், வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் கோபப்படவில்லை, ரொம்பவும் மனசு சங்கடப்பட்டவர்களாக இருந்தார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்று ஏற்பாடு செய்திருப்போமே என்றார்கள். ஜெயசெல்வி அக்கா, அக்கா என்று கூடவே படி ஏறி வந்தாள். குப்புராஜ் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உறுப்பினர் பெயர் மாறினால் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, புதுப் பெயர் என்ன என்று பேனாவோடு கேட்டார். பெயர் வெட்டுகிறவர் கடைக்கு ஏற்கனவே ஆள் போய்விட்டதாகப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள், பெயர் தெரிந்ததும் போன் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

ஷோகேஸில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து ஓவனில் வையுங்கள் என்று சொன்னேன். அதை மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். உடம்பு குளிர்ந்து கிடந்தது, விரல் நுனி வரைக்கும் அது என்னுடைய உடம்பாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சமையல்கட்டில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் வந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்கு மட்டுமாவது சொல்லேன் என்றார். மாட்டேன் என்றேன்.

“அப்ப உன்னைய நான் என்னன்னுதான் கூப்புடறது?”

“இருபத்தேழு வருசமா என்னன்னு கூப்புட்டீங்களோ, அப்படியே கூப்புடுங்க.”

இந்தா என்றும், இங்க பாரு என்றும், ஊட்ல என்றும், உங்கம்மா எங்க என்று பிள்ளைகளிடமும் அவர் என்னைக் கூப்பிட்ட வருஷங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் தண்ணீரை நிறுத்தவில்லை. கடைசியில், பழக்கமில்லாத ஒரு ஊரின் பெயரைப் படிக்கிறவரைப் போல, “பூங்கோதை” என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெயர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் குரலில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அது இப்போது யாரோ ஒருத்தியின் பெயர், நான் திரும்பவில்லை.